மௌனத் தடுப்புக் குழு

சொற்பொழிவு முடிந்ததும் பேச்சாளர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "யாருக்காவது கேள்வி இருந்தா கேக்கலாம்" என்று சொல்வாரே, அந்த இடத்தில் எவ்வளவு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அதற்கென்று ஒரு குழுவும் போட்ட பெருமை பொது அறிவுப் பரவல் கழகத்தையே சேரும். மற்ற கழகங்கள் எல்லாம் இன்றைக்கும் அசட்டுத் துணிச்சலோடு அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

கழகத்துக்கும் அது பட்டுத் தெரிந்த பாடம்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் மண்புழு பற்றிப் பேச வந்த ஒரு பேராசிரியர், ஒன்றரை மணி நேரம் பேசி முடித்துக் கேள்விகளை வரவேற்றார். ஒன்றும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்ணீர் குடித்தார். குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி தண்ணீர் குடித்தார். கடைசியில், "சரி, நானே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்று ஆரம்பித்து, கேட்ட கேள்விக்குத் தனக்கே பதில் தெரியாமல் மேடையை விட்டு இறங்கிப் போனவர்தான். குடையை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை. அந்தக் குடை இப்போதும் தலைவர் அறையில் தொங்குகிறது. அதற்குக் கீழே ஒரு சீட்டில் "நான்கு நிமிடம் பத்து விநாடி" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்த வாரமே மௌனத் தடுப்புக் குழு அமைந்தது. தலைவர்தான் அதற்கும் தலைவர், செயலாளர் அதற்கும் செயலாளர். மூன்று முறை கூடிப் பேசி, நாகரிகமான ஒரு சபையில் கேள்விக்கு முந்தைய மௌனம் ஏழு விநாடிக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஏன் ஏழு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அங்கே இருந்திருந்தால் குழுவே தேவைப்பட்டிருக்காதே! செயலாளர் கைக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் வந்தது. மூன்றாம் வரிசை ஏழாம் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் கையில் ஒரு பச்சை அட்டை திணிக்கப்பட்டது. அதில் கேள்வி டைப் அடித்திருக்கும். பேச்சாளர் வாயை மூடியதும் அவர் எழுந்து நின்று படிக்க வேண்டும்.

இதெல்லாம் தெரியாத ஒருவர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறி அந்த இடத்துக்கு நேர் மேலே ஓடியது, அவ்வளவுதான் காரணம். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழகத்தில் கடைசி வரைக்கும் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மகள் வேறு ஊரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் போட்டு இரண்டு கேள்வி கேட்பாள்: "சாப்பிட்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்பார். அந்த வாரம் கூடுதலாக ஒன்று சொல்லியிருந்தாள். "நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போங்கப்பா. வீட்டிலேயே அடைஞ்சு கிடக்காதீங்க."

நாலு பேர் இருக்கிற இடம் எது என்று விசாரித்ததில், பத்து நிமிட நடையில் இந்த மூன்று மாடிக் கட்டடம் கிடைத்தது. மேல் மாடி அரங்கத்தில் நூற்றிருபது நாற்காலிகள். எண்ணிப் பார்த்தார், பதினாலு பேர் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் ஏழெட்டு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கு நட்சத்திரங்கள் பற்றிப் பேச்சு. முடிந்ததும் லிஃப்ட்காரர் கையிலிருந்த அட்டையைச் செயலாளர் கண்ணால் காட்டினார். எழுந்தார். "இவ்வளவு அரிய கருத்துகளை இவ்வளவு எளிமையாகச் சொல்லத் தங்களால் எப்படி முடிகிறது?" என்று படித்தார். குரல் கரகரத்தது. கடைக்காரரிடம் "அரை கிலோ" என்று சொன்னதைத் தவிர ஐந்து நாளாக அவர் வாய் திறந்திருக்கவில்லை. நட்சத்திரக்காரர் பூரித்துப்போய், தன் சின்ன வயதிலிருந்து தொடங்கி ஒன்பது நிமிடம் பதில் சொன்னார். எல்லாரும் திரும்பி லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். ஒருவர் தலைகூட அசைத்தார். வீட்டுக்குப் போகும்போது லிஃப்ட்காரருக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. அட்டையைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கடிகாரத்துக்குக் கீழே வைத்தார்.

மறு மாதமும் போனார். அதே நாற்காலி, அதே அட்டை. நாலாவது மாதம் அவரைத் 'தொடக்கக் கேள்வியாளர்' என்று முறைப்படி நியமித்து, சட்டைப்பையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்தார்கள். பயிற்சியும் உண்டு. எழ ஒரு விநாடி, வணக்கத்துக்கு இரண்டு, மிச்சம் நாலும் அவசரத்துக்குக் கைக்காவல். வாக்கியம் முடியும்போது குரல் மேலே போனால் சந்தேகம் கேட்கிற மாதிரி இருக்கும் என்பதால், கேள்வியைக் குரல் இறக்கித்தான் கேட்க வேண்டும் என்று செயலாளர் மூன்று தடவை சொல்லிக்காட்டினார்.

ஐந்தாவது மாதம் அவர் ஒரு தப்பு செய்துவிட்டார். தேனீ பற்றி ஒருவர் பேசினார். பேச்சில் தன்னை மறந்து போன லிஃப்ட்காரர், எழுந்து நின்றதும் அட்டையைப் பார்க்காமல், "தேனீ தூங்குமா சார்?" என்று கேட்டுவிட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. தேனீயின் இறக்கையை மட்டும் இருபத்திரண்டு வருடம் ஆராய்ந்தவர் அந்தப் பேச்சாளர். முகம் வெளிறிப் போனது. "தூங்கும்னுதான் நினைக்கிறேன்" என்றார். உடனே தலைவர் எழுந்து நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் லிஃப்ட்காரர் வீட்டுக்குக் கடிதம் வந்தது. ஒரு கேள்வி கேட்டதற்கு விளக்கம் கேட்டு நாலு கேள்விகள். மனைவி போனபிறகு மின்கட்டண ரசீது தவிர அவர் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது. இரண்டு தடவை படித்தார். பிறகு விசாரணைக்குப் போனார்.

தலைவர் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளே இல்லை அவர். சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சாந்தமாக எடுத்துச் சொன்னார்.

"பாருங்க, கேள்வின்னா என்ன? பதில் தெரிஞ்சவங்க, பதில் தெரிஞ்சவரைப் பார்த்து, பதில் தெரிஞ்சவங்க முன்னாடி கேக்கறது. தெரியாம கேட்டா அதுக்குப் பேர் விசாரிக்கறது. அதுக்கு ரயில்வே ஸ்டேஷன்ல தனி கவுன்டரே இருக்கு. முப்பது வருஷமா இந்த மேடையில உக்காந்திருக்கேன். எனக்கு ஒரு சந்தேகம் வந்து யாராவது பார்த்திருக்கீங்களா? வரும். வராம இருக்குமா? அடக்கிக்குவேன். அதுதான் பொறுப்பு."

"தப்புதான் சார்" என்றார் லிஃப்ட்காரர். நாற்காலியைப் பிடுங்கிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். அந்த ஒரு சனிக்கிழமையை நம்பித்தான் மாதத்தின் மற்ற நாட்களை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

கிளம்பும்போது, வந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போவோம் என்று செயலாளரிடம் இன்னொரு விஷயத்தையும் சொன்னார். "மேல் மாடியில லிஃப்ட் கதவோட பூட்டு தேஞ்சு போச்சு சார். கதவு மூடியிருந்தாலும் மூடலைன்னு நெனச்சுக்கிட்டு வண்டி நடுவுல நின்னுடும். பார்க்கச் சொல்லுங்க."

செயலாளர் பேனாவை எடுத்தார். "இது கேள்வியா, கூற்றா?"

"சும்மா சொல்றேன் சார்."

"அப்ப கூற்று. கூற்று சொல்ற உரிமை பேச்சாளருக்குத்தான். நீங்க கேள்வியாளர். கேள்வியா மாத்தி எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்."

லிஃப்ட்காரர் யோசித்து, "லிஃப்ட் எப்போது நிற்கும்?" என்று எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: தங்கள் கேள்வி எதிர்காலம் பற்றியது, எதிர்காலம் பற்றிய கேள்விகளைக் கழகம் ஆண்டின் முதல் மாதத்தில் மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

எட்டாவது மாதத்துக்கான அறிவிப்பு வாசல் பலகையில் ஒட்டப்பட்டபோது லிஃப்ட்காரர் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். 'மறதி: ஒரு மருத்துவப் பார்வை.' பேச வருகிறவர் மூளை நரம்பு டாக்டர், அதிலும் மறதி நோய்க்கென்றே பேர் போன அம்மா.

அவருக்குள் ஒரு கேள்வி பதினாலு மாதமாகக் கிடந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கிடந்தது.

மனைவிக்குக் கடைசி இரண்டு வருடம் மறதி. முதலில் சாவியை மறந்தாள், பிறகு அடுப்பை, பிறகு மகளின் பெயரை, கடைசியில் அவரை. தினமும் மதியம் மூன்று மணி தாண்டினால் அவரைப் பார்த்தே கேட்பாள்: "ஏங்க, என் வீட்டுக்காரர் எப்ப வருவார்?" "ஆறு மணிக்கு வந்துருவார்மா" என்பார். உடனே முகம் தெளியும். தலை வாரிக்கொள்வாள். நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஆறு மணிக்கு அவர் சமையலறைக் கதவு வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி வந்து, வாசல் மணியை அடிப்பார். உள்ளேயிருந்து "யாரு?" என்பாள். "நான்தான்" என்பார். கதவைத் திறந்து, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று சிடுசிடுப்பாள். "ஒரு லிஃப்ட் நின்னு போச்சு" என்பார். இப்படியே ஒன்றரை வருடம், ஓய்வு பெற்ற மனிதர் தினமும் வேலையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறார்.

ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். எழுந்து சுற்றி வர உடம்பில் தெம்பில்லை. அவள் கேட்டபோது, "நான்தாம்மா உன் வீட்டுக்காரன். வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

காத்துக்கொண்டே போய்விட்டாளா? இதுதான் அவர் கேள்வி. அன்றைக்கு எப்படியாவது எழுந்து போய் மணியை அடித்திருக்க வேண்டுமோ என்று நினைத்து நினைத்து மறுகிக்கொண்டிருந்தார். மகளிடம் கேட்டால் அழுவாள். டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

சொந்தமாகக் கேள்வி கேட்க வழி உண்டா என்று செயலாளரிடம் விசாரித்தார். உண்டு என்றார் அவர், பெருமையாக. 'சொந்தக் கேள்வி விண்ணப்பம்', மூன்று பிரதி. பெயர், முகவரி, கேள்வி எல்லாம் எழுதி, கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது லிஃப்ட்காரர் பேனா நின்றது. 'கேள்விக்கான பதில் (கேட்பவரே நிரப்ப வேண்டும்)' என்று போட்டிருந்தது.

"பதில் தெரியாதே சார். அதுக்குத்தானே கேக்கறேன்?"

"ஏதாவது எழுதுங்க. பேச்சாளரை ஒத்திகை பார்க்கச் சொல்லணும் இல்ல?"

அவர் பார்த்தார், யோசித்தார், கட்டத்தைக் காலியாகவே விட்டுக் கொடுத்தார். முழுமை பெறாத விண்ணப்பம் என்று திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தார். இந்தத் தடவை தலைவர் இரக்கப்பட்டு, விண்ணப்பத்தைத் தள்ளாமல் திருத்தினார். 'என் மனைவி' என்பது தனிப்பட்ட விஷயம் என்று அடித்தார். 'காத்திருந்தாள்' என்பது சோகமாக இருக்கிறது என்று அடித்தார். 'இறந்துவிட்டாள்' என்பது பேச்சாளரின் தொழிலுக்கு மரியாதைக் குறைவு என்று அடித்தார். அடித்தது போக மிஞ்சியதை வைத்து அவரே பச்சை அட்டையைத் தயாரித்துக் கொடுத்தார்: "மறதி குறித்த தங்கள் மறக்க முடியாத ஆய்வுகள் மேலும் தொடர வாழ்த்தலாமா?"

அந்தச் சனிக்கிழமை லிஃப்ட்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றேகாலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காலையிலேயே அவரைக் கழகத்தின் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் படம் போட்டுப் பேசினார். தலைவர் அறிமுகத்துக்கே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்ததால் ஐந்தரை நெருங்கிவிட்டது. டாக்டரம்மா தண்ணீர் குடித்தார். சபையைப் பார்த்தார்.

"யாருக்காவது கேள்வி இருந்தா கேளுங்க."

செயலாளரின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கியது. லிஃப்ட்காரர் எழுந்தார். மைக் வந்தது. கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"டாக்டரம்மா, என் வீட்டுக்காரி..."

"அருமையான கேள்வி!" என்றார் தலைவர், தன் மைக்கில். அவர் கண் காட்டினால் முன் வரிசை கைதட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. தட்டினார்கள். "நேரமின்மை காரணமாக இத்துடன் கேள்வி நேரம் இனிதே நிறைவு பெறுகிறது." லிஃப்ட்காரர் பேசிக்கொண்டுதான் இருந்தார். அவர் கையிலிருந்த மைக் செத்துப்போயிருந்தது. டாக்டரம்மா அவர் பக்கம் கையைக் காட்டித் தலைவரிடம் ஏதோ கேட்டார். "அவர் எப்பவுமே பாராட்டுவார்" என்று சொல்லிக்கொண்டே தலைவர் நினைவுப் பரிசை டாக்டரம்மா கையில் வைத்துப் போட்டோவுக்குத் திருப்பினார்.

பேச்சாளரை வழியனுப்புவதற்கும் முறை இருந்தது. சிறப்பு விருந்தினர் லிஃப்ட்டில் தனியாக இறங்குவார். தலைவரும் செயலாளரும் மற்றவர்களும் படியில் ஓடிப்போய், கீழே கதவு திறக்கும்போது மூச்சிரைக்கப் புன்னகையோடு நிற்க வேண்டும். எல்லாரும் ஓடினார்கள். லிஃப்ட்காரர் மட்டும் காலி அரங்கத்தில் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார். அவமானமாக இருந்தது. ஒருவர்கூட இல்லாத வீட்டுக்கு இனி எதற்காகப் போக வேண்டும், அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று தோன்றியது.

அப்போது வெளியே 'டக்'கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். பின்னாலேயே மணி அடித்தது.

"யாராவது இருக்கீங்களா?"

முப்பத்தொரு வருடமாக அவர் கேட்டுப் பழகிய கேள்வி. இதற்குப் பதில் சொல்ல அவருக்கு எந்த அட்டையும் வேண்டாம். கால் தானாக ஓடியது.

"இருக்கேன் டாக்டரம்மா. பயப்படாதீங்க. வண்டி விழாது, கம்பி கெட்டியா இருக்கு. மாடிக்கும் மாடிக்கும் நடுவுல நின்னிருக்கு, அவ்வளவுதான். கதவை நீங்களே திறக்கப் பார்க்காதீங்க. உக்காந்துக்குங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மேல மோட்டார் ரூம்ல கையால சுத்தி இறக்கணும்மா. ரெண்டு பேர் வேணும். இதோ ஆளைக் கூப்பிடறேன்."

படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குரல் கொடுத்தார். செயலாளர் ஓடி வந்தார். மோட்டார் ரூம் சாவி கட்டடக் குழுவின் பொறுப்பில் இருந்தது. கட்டடக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஒருவரை நியமிக்க வேண்டும். அதற்கு அவசரக் கூட்டம் போட்டாக வேண்டும். கீழே, மூடிய லிஃப்ட் கதவுக்கு முன்னாலேயே, புன்னகை கலையாமல் கூட்டம் தொடங்கியது.

ஐந்து நிமிடம் கழித்துச் செயலாளர் மறுபடி மேலே வந்தார். கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசினார். "டாக்டர், மன்னிக்கணும். தீர்மானத்துக்கு அஞ்சு உறுப்பினர் வேணும். நாங்க நாலு பேர்தான் இருக்கோம். அஞ்சாவது நீங்கதான். உங்க கதவைத் திறக்கறதுக்கு நீங்க ஆதரவா, எதிர்ப்பா?"

"ஆதரவு!"

"கையைத் தூக்கிக் காட்டுங்க."

"தூக்கித்தான் இருக்கேன்."

செயலாளர் இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். "தெரியலையே. நடுநிலைன்னு போட்டுக்கறேன்" என்று இறங்கிப் போனார்.

லிஃப்ட்காரர் தரையில் கதவோரமாக உட்கார்ந்தார். உள்ளே மாட்டிக்கொண்டவரோடு பேச்சை விடக் கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. டாக்டரம்மாதான் பேசினார்.

"நீங்கதானே கடைசியா எழுந்து நின்னது? வீட்டுக்காரின்னு ஏதோ சொன்னீங்க. கைதட்டுல கேக்கலை. என்ன கேக்க வந்தீங்க?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்..."

"எனக்கு இப்ப வேற வேலை இல்லை சார். கேளுங்க."

கேட்டார். சாவி, அடுப்பு, மகள் பெயர், ஆறு மணி, சமையலறைக் கதவு, காய்ச்சல், நாற்காலி, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி, "காத்துக்கிட்டே போயிட்டாளாம்மா?" என்று முடித்தார். கடைசியில் குரல் மேலே போய்விட்டது. அடக்கவில்லை.

உள்ளே சத்தமில்லை. ஏழு விநாடி எப்போதோ தாண்டிவிட்டது. யாரும் கைதட்டவில்லை.

"தெரியலை சார்" என்றார் டாக்டரம்மா. "அங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னவங்க யாரும் இல்லை. மேடையில கேட்டிருந்தீங்கன்னா நரம்பு, ரசாயனம்னு பத்து நிமிஷம் அளந்திருப்பேன். உங்களுக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது."

"சரிம்மா."

"தலை எப்படி வாரிக்குவாங்க?"

"என்னம்மா?"

"ஆறு மணின்னதும் தலை வாரிக்குவாங்கன்னு சொன்னீங்களே."

பதினாலு மாதத்தில் அவளைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. எப்போது, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை வயது என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை.

"பல்லு போன சீப்பு ஒண்ணு வெச்சிருந்தா. புதுசு வாங்கிக் கொடுத்தா தூக்கிப் போட்டுடுவா. வகிடு நேரா வராது, கோணிக்கிட்டுப் போகும். எனக்குக் கை துறுதுறுன்னு வரும். ஆனா தொட மாட்டேன்."

"ஏன்?"

"வெளியாள் தலையைத் தொட்டா பயந்துடுவாளே. ஆறு மணிக்கு மணி அடிச்சுட்டு உள்ள வந்தப்புறம்தான் சரி பண்ணுவேன். அப்ப நான் வீட்டுக்காரன். பேசாம தலையைக் காட்டுவா."

சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் அழுதார். கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வெட்கப்படாமல் அழுதார். உள்ளேயிருந்து சமாதானம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கீங்களா சார்?" என்று மட்டும் வந்தது.

"இருக்கேன்மா" என்றார்.

நாற்பதாவது நிமிடம் சாவி வந்தது. 'கதவைத் திறப்பதற்குக் கொள்கை அளவில் ஒப்புதல்' என்ற தீர்மான நகலும் கூட வந்தது. மோட்டார் ரூமில் செயலாளர் பிரேக் கம்பியை அமுக்கிப் பிடிக்க, லிஃப்ட்காரர் சக்கரத்தைக் கையால் சுற்றி வண்டியை இரண்டாவது மாடித் தரைக்கு இறக்கினார். பிறகு படியில் ஓடி வந்து பார்த்தால், டாக்டரம்மாவைத் தலைவரும் மற்றவர்களும் சூழ்ந்துகொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "எங்க கழகத்தில் நீங்க கூடுதலா நாப்பது நிமிஷம் இருந்ததை ஒரு கௌரவமா நினைக்கிறோம்" என்று தலைவர் சொல்வது கேட்டது. டாக்டரம்மா திருப்பத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காரின் கதவைத் திறந்துவிட்டதாகக் கீழேயிருந்து குரல் வந்து, கூட்டம் அவரை நகர்த்திக்கொண்டு போய்விட்டது.

செயலாளர் நிகழ்ச்சிப் பதிவேட்டை நீட்டினார். தொடக்கக் கேள்வியாளரும் கையெழுத்துப் போட வேண்டும். 'மௌனம்: மூன்று விநாடி. கேள்வி: ஒன்று (பாராட்டு). விருந்தினர் மனநிறைவுடன் விடைபெற்றார்.'

"சார், நாப்பது நிமிஷம் உள்ளேயும் வெளியேயுமா பேசிக்கிட்டிருந்தோமே. அவங்க பதில் சொன்னாங்களே."

"கேள்வி நேரம்தான் அப்பவே முடிஞ்சிடுச்சே. அதுக்கப்புறம் பேசினதெல்லாம் கணக்கில் வராது." செயலாளர் மூடியைத் திருகிக் கழற்றிப் பேனாவைக் கொடுத்தார். "வேற ஏதாவது கேள்வி இருக்கா?"

"இல்லை சார்" என்று கையெழுத்துப் போட்டார்.

தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. லிஃப்ட்காரர் வேகமாக நடந்தார். சட்டையிலும் கையிலும் கிரீஸ் ஒட்டியிருந்தது. மணியைப் பார்த்தார், ஆறரை தாண்டியிருந்தது. வீட்டு வாசலில் நின்று சாவியை எடுத்தார். பூட்டில் போடப் போனவர், போடாமல் மணியை அடித்தார்.

உள்ளே மணி ஒலிப்பது நன்றாகக் கேட்டது. காத்திருந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். ஏழு வரைக்கும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நான்தான்" என்றார் லிஃப்ட்காரர். "ஒரு லிஃப்ட் நின்னு போச்சு. அதான் லேட்டு."

பிறகு சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.